ஊதச் சொல்கிறார் போலீஸ்காரர்!

நம் ஊரில் போலீஸ்காரர் கையைக் காட்டி வண்டியை நிறுத்தினால் ஓட்டுகிறவர் முதலில் என்ன செய்வார்? சட்டென்று கதவைத் திறந்து கொண்டு இறங்கி, இன்ஸ்பெக்டர் நிற்கும் இடத்துக்கு ஓடுவார். "ஸார், ஸார்" என்று குழைவார். உட்கார்ந்தபடியே பேசினால் மரியாதைக் குறைவு என்பது நம் எண்ணம்.

இதையே அமெரிக்காவில் செய்து பாருங்கள்! இறங்கினாலே வம்பு. அங்கே போலீஸ் வண்டி பின்னால் விளக்கைச் சுழற்றிக் கொண்டு வந்தால், ஓரமாக நிறுத்திவிட்டு, இரண்டு கைகளையும் ஸ்டியரிங் மேலேயே தெரியும்படி வைத்துக் கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். லைசென்ஸை எடுக்கக் கூட, "எடுக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையை நகர்த்த வேண்டும். ஊருக்கு ஊர் துப்பாக்கி வைத்திருக்கிற தேசம். போலீஸ்காரருக்கும் உள்ளூர பயம்.

இங்கிலாந்தில் வேறு மாதிரி. கையில் லைசென்ஸோ இன்ஷ்யூரன்ஸோ இல்லையென்றால், ஏழு நாளைக்குள் ஏதாவது ஒரு போலீஸ் ஸ்டேஷனில் காட்டிவிடுங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்புகிற பழக்கம் அங்கே உண்டு. கேட்கவே ஆச்சரியமாக இல்லை?

கார், போலீஸ், சட்டம் இதெல்லாம் ஆண்கள் சமாசாரம் என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள், சகோதரிகளே. வெளியே போன வண்டி வீடு வந்து சேரும் வரை வாசலைப் பார்த்துக் கொண்டு உட்கார்ந்திருப்பது யார்? நாம்தானே! அதுவும் தவிர, குடித்துவிட்டு ஓட்டுகிறவர்களைப் பிடிக்கும் இந்தச் சோதனைகளின் கதையைத் துருவிப் பார்த்தால், முக்கியமான இரண்டு இடங்களில் பெண்கள்தான் நிற்கிறார்கள்.

முதலில் நான் நேரில் பார்த்ததைச் சொல்லி விடுகிறேன். என் கொழுந்தனாரின் பெண் ஆஸ்திரேலியாவில், ஸிட்னியில் குடியிருக்கிறாள். அவள் பிரசவத்துக்குப் பிறகு துணைக்காக நான் போயிருந்தபோது, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் முருகன் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பிக் கொண்டிருந்தோம். அவள்தான் ஓட்டினாள். பின் ஸீட்டில் குழந்தைக்கென்று தனியாகப் பூட்டிய இருக்கையில் குழந்தை தூங்குகிறது. (அங்கே ஏழு வயது வரை குழந்தைக்கு இந்த மாதிரி இருக்கை கட்டாயம். ஆறு மாதம் வரை பின்பக்கம் பார்த்தபடிதான் வைக்க வேண்டும். மடியில் வைத்துக் கொண்டு போகிற பேச்சே கிடையாது.) திடீரென்று சாலை நடுவே போலீஸ்காரர்கள். வருகிற வண்டிகளை ஒன்று விடாமல் ஓரம் கட்டுகிறார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"பயப்படாதீங்க பெரியம்மா. ஒண்ணுமில்லே, எண்ணச் சொல்லுவாங்க, அவ்வளவுதான்" என்றாள் அவள்.

போலீஸ்காரர் குனிந்து, மாலை வணக்கம் சொல்லி, டார்ச் லைட் மாதிரி ஒரு கருவியை அவள் முகத்துக்கு எதிரே நீட்டினார். அவள் ஒன்று முதல் பத்து வரை எண்ணினாள். அவர் கருவியைப் பார்த்து நன்றி சொல்லிப் போகச் சொன்னார். ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை. நெற்றி நிறைய விபூதியோடு, கைக்குழந்தையோடு கோயிலிலிருந்து வருகிற பெண்ணைப் பார்த்தா ஊதச் சொல்வது என்று எனக்கு ஒரு கணம் கோபம் கூட வந்தது. ஆனால் முன்னால் நின்ற பெரிய வெளிநாட்டுக் காரில் கோட்டு சூட்டோடு இருந்தவரும் எண்ணினார். பின்னால் வந்த லாரிக்காரரும் எண்ணினார். யாரையும் சந்தேகப்படவில்லை; அதனால் யாருக்கும் அவமானமும் இல்லை. இதுதான் அந்த ஊர் ஏற்பாட்டின் சூட்சுமம் என்று பிறகு புரிந்தது.

ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலம் 1976-ல் முதலில் இதை ஆரம்பித்தது. ஸிட்னி இருக்கும் நியூ ஸௌத் வேல்ஸ் 1982 டிசம்பரில் ஆரம்பித்தது. சந்தேகம் இருந்தால்தான் சோதனை என்பதில்லை. யாரை வேண்டுமானாலும், எந்த நேரத்திலும், எந்தத் தெருவிலும் ஊதச் சொல்லலாம். "இன்றைக்கு நம்மைப் பிடித்தாலும் பிடிப்பார்கள்" என்ற எண்ணம் எல்லோர் மனதிலும் இருக்க வேண்டும், அதுதான் நோக்கம். ஆரம்பித்த கொஞ்ச காலத்திலேயே அந்த மாநிலத்தில் சாலைச் சாவுகள் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. எத்தனை பேரைப் பிடித்தார்கள் என்பதை விட, எத்தனை பேர் பயந்து சாவியைத் தொடாமல் இருந்தார்கள் என்பதுதான் கணக்கு.

லைசென்ஸ் கொடுப்பதிலும் அவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. இருபத்தைந்து வயதுக்குள் உள்ளவர்கள் நியூ ஸௌத் வேல்ஸில் டெஸ்டுக்குப் போகு முன் 120 மணி நேரம் ஓட்டிப் பழகியிருக்க வேண்டும். அதில் 20 மணி நேரம் இரவில். எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பது பெரும்பாலும் யார் தெரியுமா? அம்மாவோ அப்பாவோதான். பிள்ளைக்கு லைசென்ஸ் வருவதற்குள் அம்மாவுக்குப் பாதி உயிர் போய்விடும் என்று அங்குள்ள தாய்மார்கள் சிரித்துக் கொண்டே சொன்னார்கள். அதற்கப்புறமும் சிவப்பு 'பி', பச்சை 'பி' என்று வண்டியில் அட்டை மாட்டிக் கொண்டு சில வருஷம் ஓட்ட வேண்டும். அந்தக் காலம் முழுக்க ஒரு சொட்டு மது கூடாது. நம் ஊரில் 'எட்டு' போட்டுக் காட்டினால் முடிந்தது விஷயம். 120 மணி நேரத்தையும் அந்த ஒரு எட்டையும் நினைத்துப் பார்த்தேன், என்ன சொல்ல!

இனி இங்கிலாந்துக்கு வருவோம். அங்கே 1967 அக்டோபரில்தான் ரோட்டில் ஊதிப் பார்க்கும் சோதனை வந்தது. கொண்டு வந்தவர் அப்போது போக்குவரத்து மந்திரியாக இருந்த பார்பரா காஸில் அம்மையார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது! "காரே ஓட்டத் தெரியாத பொம்பளைக்கு என்ன தெரியும்?" என்ற கேலிக்குக் கேட்க வேண்டுமா? மதுக்கடைக்காரர்கள் கொதித்தார்கள். மிரட்டல் கடிதங்கள் கூட வந்தன. அம்மையார் அசைந்து கொடுக்கவில்லை. முதல் வருஷத்திலேயே சாலை விபத்தில் இறந்தவர்கள் ஆயிரத்துக்கு மேல் குறைந்து போனார்கள். சமைக்கத் தெரியாதவரும் உப்பு கரித்தால் சொல்லலாம் அல்லவா? எனக்கு இந்த அம்மையாரை நிரம்பப் பிடித்துப் போயிற்று.

அந்த நாளில் கருவி கிடையாது. கண்ணாடிக் குழாயில் மஞ்சள் உப்புத் தூள். அதன் முனையில் ஒரு பை. ஊதினால் மூச்சில் மது இருந்தால் மஞ்சள் பச்சையாகும். பச்சை குறிப்பிட்ட கோட்டைத் தாண்டினால் ஸ்டேஷன்.

ஆனால் இங்கிலாந்தில் இன்றும் ஒரு விசித்திரம். சீருடையில் உள்ள போலீஸ்காரர் எந்த வண்டியையும் நிறுத்தலாம். ஆனால் ஊதச் சொல்ல வேண்டுமானால் குடித்திருப்பதாகச் சந்தேகம் இருக்க வேண்டும், அல்லது போக்குவரத்து விதியை மீறியிருக்க வேண்டும், அல்லது விபத்தில் சிக்கியிருக்க வேண்டும். ஸிட்னி மாதிரி எல்லோரையும் ஊதச் சொல்ல முடியாது. அளவும் தாராளம்: 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 80 மில்லிகிராம் வரை. பக்கத்து ஸ்காட்லாந்து 2014-ல் இதை 50 ஆகக் குறைத்துவிட்டது. ஆக, ஒரே தீவில் ஒரு எல்லைக் கோட்டைத் தாண்டினால் குற்றமில்லாதவர் குற்றவாளி ஆகிவிடுவார்!

இந்த அளவு என்ன, மூச்சில் எப்படித் தெரிகிறது என்று சில சகோதரிகள் கேட்கலாம். குடித்தது ரத்தத்தில் கலக்கிறது. ரத்தம் நுரையீரலுக்குப் போகும்போது அதில் ஒரு பங்கு மூச்சுக் காற்றில் வருகிறது. நாற்றத்தை அல்ல, மதுவையே கருவி அளக்கிறது. எனவே ஏலக்காய், கிராம்பு, பாக்கு, பெப்பர்மிண்ட் எதை மென்றாலும் நம்மை வேண்டுமானால் ஏமாற்றலாம், கருவியை முடியாது. மோர், எலுமிச்சைச் சாறு, கறுப்புக் காப்பி, தலையில் பச்சைத் தண்ணீர் – ஒன்றுக்கும் பலனில்லை. கல்லீரல் தன் போக்கில்தான் வேலை செய்யும். அதை அவசரப்படுத்த மருந்து கிடையாது. ராத்திரி பன்னிரண்டு மணி வரை அதிகமாகக் குடித்தவர் காலையில் குளித்துவிட்டு, குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விடக் கிளம்பும்போதும் ரத்தத்தில் மிச்சம் இருக்கும். இதை நம் வீடுகளில் யாரும் யோசிப்பதே இல்லை.

பிரசவ வீட்டில் கொடுக்கும் தசமூலாரிஷ்டம் போன்ற அரிஷ்டங்களிலும், சில இருமல் மருந்து, வாய் கொப்பளிக்கும் மருந்துகளிலும் மது சிறிதளவு உண்டு. குடித்த கையோடு ஊதினால் கருவி காட்டலாம். வாயில் தங்கியது கால் மணி நேரத்தில் போய்விடும் என்பதால், அப்படிச் சொன்னால் சற்றுப் பொறுத்து மறுபடி ஊதச் சொல்வது முறை. நீங்களே ஸ்கூட்டர் ஓட்டுகிறவராக இருந்தால் இதை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள்.

ஸ்வீடனில் அளவு வெறும் 20 மில்லிகிராம். அதாவது குடித்தால் தொடாதே என்றே பொருள். காலை வேளையிலும் ஊதச் சொல்வார்கள். 1997-ல் அந்த நாட்டுப் பார்லிமெண்டே, சாலையில் ஒருவர் கூடச் சாகக் கூடாது என்பதுதான் குறிக்கோள் என்று தீர்மானம் போட்டது. அங்கே இப்போது வருஷத்துக்குச் சுமார் இருநூறு பேர் சாலையில் இறக்கிறார்கள். அதையே அவர்கள் அதிகம் என்கிறார்கள்! பக்கத்து ஃபின்லாந்தில் இன்னும் ஒரு படி மேலே. பள்ளிப் பிள்ளைகளைக் கூலிக்கு ஏற்றிச் செல்லும் வண்டிகளில் 2011 முதல் ஒரு பூட்டு. டிரைவர் ஊதி, மது இல்லையென்று கருவி ஒப்புக் கொண்டால்தான் என்ஜினே கிளம்பும். நம் பிள்ளைகளை வேனில் ஏற்றிவிட்டுக் கையசைக்கிற நமக்கு இதைப் படித்தால் பெருமூச்சு வருகிறது.

அமெரிக்காவில் 1980-ம் வருஷம் மே மாதம் காரி என்ற பதின்மூன்று வயதுப் பெண், தெரு ஓரமாக நடந்து போகும்போது குடிகாரன் ஒருவன் ஓட்டி வந்த கார் மோதி இறந்தாள். அவளைப் பெற்றவள் காண்டி லைட்னர். அழுது மூலையில் உட்காரவில்லை அந்தத் தாய். அதே வருஷம், குடித்து ஓட்டுவதை எதிர்க்கும் தாய்மார்கள் சங்கத்தை ஆரம்பித்தார். 'மேட்' என்று அதைச் சுருக்கமாகச் சொல்வார்கள். கலிஃபோர்னியாவில் தொடங்கிய இந்தச் சங்கம் தேசம் முழுக்கப் பரவி, மந்திரிகளையும் நீதிபதிகளையும் கேள்வி கேட்டது. 1984-ல் இருபத்தொரு வயதுக்குள் மது வாங்கக் கூடாது என்று மாநிலங்களை இணங்க வைக்கும் சட்டம் வந்ததற்கு இந்தத் தாய்மார்கள் பட்ட பாடு பெரிய காரணம்.

ஆனாலும் அந்த நாட்டு வழி தனி வழி. எல்லோரையும் நிறுத்திச் சோதிப்பது சுதந்திரத்துக்கு விரோதம் என்று வழக்குப் போட்டார்கள். 1990-ல் அங்குள்ள உச்ச நீதிமன்றம், நிறுத்தலாம், தப்பில்லை என்று சொல்லிவிட்டது. வழக்கு எழுந்ததோ மிஷிகன் மாநிலத்தில். அந்த மாநிலத்து நீதிமன்றம், எங்கள் மாநிலச் சட்டப்படி கூடாது என்று மறுபடி தடுத்து விட்டது! இன்றும் டெக்ஸஸ் உள்பட சில மாநிலங்களில் இந்தச் சோதனைச் சாவடிகள் இல்லை. போலீஸுக்குச் சந்தேகம் வந்தால் இறக்கி, கோட்டின் மேல் குதிகாலும் கட்டை விரலும் தொடும்படி ஒன்பது அடி நடந்து திரும்பி வரச் சொல்வார்கள். ஒற்றைக் காலில் நிற்கச் சொல்வார்கள். 2022-ல் அங்கே சாலையில் இறந்தவர்கள் நாற்பதாயிரத்துக்கு மேல். அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு குடித்து ஓட்டியதால். செல்வந்த நாடு, அகலமான சாலை, நல்ல கார் எல்லாம் இருந்தும் இப்படி. ஒன்றை மட்டும் பாராட்ட வேண்டும்: மஞ்சள் பள்ளிக்கூட பஸ் நின்று சிவப்பு விளக்கு மின்னினால், பின்னால் வருகிற வண்டி மட்டுமல்ல, பொதுவாக எதிரே வருகிற வண்டியும் நின்றாக வேண்டும். குழந்தை ரோட்டைக் கடக்கும் வரை ஊரே நிற்கும்.

இப்போது ஜப்பான். என்னை மிகவும் யோசிக்க வைத்த தேசம் இதுதான்.

2006 ஆகஸ்டில் ஃபுகுவோகா நகரத்தில் ஒரு குடும்பம் இரவில் காரில் பாலத்தின் மேல் போய்க் கொண்டிருந்தது. குடித்துவிட்டு ஓட்டி வந்த ஒருவன் பின்னாலிருந்து மோத, கார் பாலத்திலிருந்து கடலில் விழுந்தது. தாயும் தகப்பனும் பிழைத்தார்கள். மூன்று குழந்தைகளும் போய்விட்டன. ஜப்பான் முழுவதும் பதறியது. அடுத்த வருஷமே சட்டத்தைத் திருத்தினார்கள். குடித்து ஓட்டியவனுக்கு மட்டும் தண்டனை இல்லை. அவனுக்கு வண்டியைக் கொடுத்தவருக்கும், ஓட்டப் போகிறான் என்று தெரிந்தே ஊற்றிக் கொடுத்தவருக்கும், தெரிந்தே என்னை அழைத்துப் போ என்று பக்கத்தில் ஏறி உட்கார்ந்தவருக்கும் தண்டனை! நன்றாகப் போதையில் ஓட்டினால் ஓட்டியவருக்கு ஐந்து வருஷம் வரை சிறை; ஊற்றிக் கொடுத்தவருக்கும் உடன் வந்தவருக்கும் மூன்று வருஷம் வரை.

இதை என் கணவரிடம் படித்துக் காட்டினேன். "அது சரிதான். கூட வர்றவங்க தடுக்கணுமில்லே?" என்றார். நியாயம்தான். ஆனால் உடன் வருகிறவள் மனைவியாக இருந்தால்? இடுப்பில் தூங்கும் குழந்தை, கையில் தாம்பூலப் பை, மணி பதினொன்று, அவளுக்கு ஓட்டத் தெரியாது, பர்ஸில் ஆட்டோவுக்குக் காசில்லை. "நான் நிதானமாத்தான் இருக்கேன், ஏறு" என்கிறான் புருஷன். உறவுக்காரர்கள் முன்னிலையில் மாட்டேன் என்று சொன்னால் வீட்டில் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். இவளையும் நண்பனையும் ஒரே தராசில் வைப்பது எனக்குச் சம்மதமில்லை.

இது ஜப்பான் கதையாக மட்டும் இல்லை. 2022 அக்டோபரில் சென்னை போக்குவரத்து போலீஸாரும், குடித்து ஓட்டுகிறவரோடு உடன் வருகிறவருக்கும் அபராதம் என்று அறிவித்தார்கள். ஓட்டுகிறவருக்கு முதல் தடவை பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆகவே அன்புச் சகோதரிகளே, "அவர் ஓட்டினார், நான் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்" என்பது இங்கேயும் செல்லாமல் போகலாம். என் யோசனை: இந்தப் பேச்சை மண்டப வாசலில் பேசாதீர்கள். வீட்டிலிருந்து கிளம்பும் முன், நல்ல மனநிலையில் இருக்கும்போது பேசி முடித்துவிடுங்கள். மாமியார் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. மகன் உயிர் விஷயத்தில் அவர் உங்கள் கட்சிதான். பர்ஸில் ஒரு தனி மடிப்பில் ஆட்டோவுக்குப் பணம் எப்போதும் இருக்கட்டும்.

சட்டப் புத்தகத்தைப் பார்த்தால் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் அல்ல. இந்தியாவில் அளவு 30 மில்லிகிராம். ஜப்பானிலும் கிட்டத்தட்ட அதுவேதான். இங்கிலாந்தை விட நாம் கண்டிப்பு! ஆனால் சாவுக் கணக்கைப் பாருங்கள். 2022-ல் பன்னிரண்டு கோடிக்கு மேல் ஜனங்கள் உள்ள ஜப்பானில் விபத்து நடந்து 24 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் 2,610 பேர். பிறகு இறந்தவர்களைச் சேர்த்தாலும் மூவாயிரத்துச் சொச்சம். அதே வருஷம் நம் தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். இந்தியா முழுவதும் 1,68,491 பேர். ஜப்பானும் ஒரு காலத்தில் இப்படித் தவித்த நாடுதான். 1970-ல் அங்கே 16,765 பேர் இறந்தார்கள். அங்கிருந்து படிப்படியாக இறங்கி வந்திருக்கிறார்கள்.

நம் சோதனையில் என்ன குறை? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். மேம்பாலத்து இறக்கத்தில், அதே இடத்தில், அதே நேரத்தில் நிற்கிறார்கள். ஊருக்கே தெரியும், சந்து வழியாகப் போய்விடுகிறார்கள். இரு சக்கர வண்டியை மடக்குகிற அளவுக்குப் பெரிய காரை மடக்குவதில்லை. ஸிட்னியில் லாரிக்காரரும் கோட்டு சூட்டுக்காரரும் ஒரே வரிசையில் எண்ணினார்களே, அது இங்கே வரவேண்டும். அபராதம் இப்போது இ-சலான் மூலம் வருவதால் கையில் அழுத்துவது சற்றுக் குறைந்திருக்கிறது என்கிறார்கள். லைசென்ஸ், ஆர்.சி. இரண்டையும் டிஜிலாக்கரில் செல்போனிலேயே காட்டலாம், அது செல்லும். இறங்கி ஓட வேண்டிய அவசியமும் இல்லை, பயப்பட வேண்டிய அவசியமும் இல்லை.

தாய்மார்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். பதினெட்டு வயது ஆகாத பிள்ளை, "பக்கத்துத் தெருதாம்மா, ட்யூஷனுக்குப் போயிட்டு வந்துடறேன்" என்று லைசென்ஸ் இல்லாமல் வண்டியை எடுத்துப் பிடிபட்டால், 2019 திருத்தத்தின்படி பெற்றவர்களுக்கு மூன்று வருஷம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க இடமுண்டு. வண்டியின் பதிவு ஒரு வருஷத்துக்கு ரத்தாகும். பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை லைசென்ஸே கிடைக்காது. தெரியாமல் எடுத்துப் போய்விட்டான் என்று நாம்தான் நிரூபிக்க வேண்டும். சாவி ஆணியில் தொங்குகிற வீடுகளில் அதை எப்படி நிரூபிப்பது?

இன்னொன்று கைக்குழந்தை. ஒன்பது மாதத்திலிருந்து நான்கு வயது வரை உள்ள குழந்தையை ஸ்கூட்டரில் கூட்டிப் போனால், ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் பட்டையும், தலைக்கேற்ற ஹெல்மெட்டும் வேண்டும், வேகம் மணிக்கு 40 கிலோ மீட்டரைத் தாண்டக் கூடாது என்று 2022-ல் விதி வந்து, மறு வருஷம் பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. அப்பாவின் முன்னால் பெட்ரோல் டாங்க் மேல் உட்கார்ந்து காற்று வாங்குகிற குழந்தைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடித்துக் கொள்கிறது.

ஜப்பானில் ஒரு நல்ல தொழில் நடக்கிறது. காரில் போய்க் குடித்துவிட்டால் டெலிபோன் செய்தால் போதும். ஒரு காரில் இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் உங்கள் காரில் உங்களை ஏற்றிக் கொண்டு ஓட்ட, இன்னொருவர் பின்னாலேயே தங்கள் காரை ஓட்டி வருவார். வீட்டில் விட்டுவிட்டு இருவரும் அந்தக் காரில் போய்விடுவார்கள். 'தைகோ' என்று பெயர். நம் சென்னையில் ஆக்டிங் டிரைவர் என்று கிடைக்கிறார்கள், கிட்டத்தட்ட அதே ஏற்பாடு. டிரைவர் திரும்பிப் போக பஸ் சார்ஜ் மட்டும் நாம் தர வேண்டியிருக்கும். முகூர்த்த நாட்களில் ஆள் கிடைப்பது கஷ்டம். இரண்டு நாள் முன்னதாகவே சொல்லி வைத்துவிடுங்கள்.